சீன மருந்துக்கடைப் பொட்டலமும் தீராத மலச்சிக்கலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் ஒரு குடியிருப்புப் பேட்டை மருந்துக்கடையில் மருந்தாளுநராக இருக்கிறேன். நாலு கடை தள்ளி ஒரு சீன மருந்துக்கடை. கண்ணாடி ஜாடிகளில் காய்ந்த வேரும் பட்டையும், சுவர் முழுக்கச் சின்னச் சின்ன இழுப்பறைகளும். அங்கே வாங்கிய பொட்டலத்தோடு நேராக என்னிடம் வந்து, "இத சாப்பிடலாமா தம்பி?" என்று கேட்கும் நம்மவர்கள் நிறைய. மலச்சிக்கல் விஷயமென்றால் குரல் இன்னும் தாழும். நான் சீன மருத்துவர் இல்லை. ஒரே கேள்விகளைப் பல வருஷமாகக் கேட்டுக் கேட்டு, படிக்க வேண்டியதைப் படித்து, தெரிந்தவர்களிடம் விசாரித்து வைத்திருக்கிறேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தினமும் போகாவிட்டால் அது மலச்சிக்கலா?

இல்லை. நாளுக்கு மூன்று தடவை போகிறவரும் உண்டு, வாரத்துக்கு மூன்று தடவை போகிறவரும் உண்டு. இரண்டுமே சரிதான். வாரத்துக்கு மூன்றுக்கும் குறைவு, முக்கினால்தான் வருகிறது, கட்டி கட்டியாக வருகிறது, போய் வந்த பிறகும் இன்னும் பாக்கி இருப்பது போலவே இருக்கிறது, இப்படி இரண்டு மூன்று சேர்ந்து மாதக்கணக்கில் நீடித்தால்தான் அதை நாள்பட்ட மலச்சிக்கல் என்கிறோம்.

டாக்டர்கள் 'பிரிஸ்டல் அட்டவணை' என்ற ஒன்றை வைத்திருக்கிறார்கள். மலத்தின் தோற்றத்தை ஏழு வகையாகப் பிரித்த படம் அது. அதில் முதல் வகைக்கு நம் ஊரில் ஏற்கெனவே பெயர் உண்டு: ஆட்டுப் புழுக்கை. வேடிக்கை என்னவென்றால் சீன மருத்துவப் பாடநூல்களும் அதை ஆட்டுச் சாணி என்றேதான் எழுதுகின்றன. ஆடு வளர்த்தவர்களுக்கெல்லாம் ஒரே உவமைதான் தோன்றும் போல.

வயிறுதானே பிரச்சினை, சீன மருத்துவர் ஏன் நாக்கை நீட்டச் சொல்கிறார்?

அவர் மலச்சிக்கலை ஒரு நோயாகப் பார்ப்பதில்லை. நாலைந்து வேறு வேறு நிலைமைகள் ஒரே வாசலில் வந்து நிற்பதாகப் பார்க்கிறார். எது என்று கண்டுபிடிக்கத்தான் நாக்கு, நாடி, இத்தனை கேள்விகள் எல்லாம்.

வாய் வறண்டு, நாக்கில் மஞ்சள் படிந்து, சிறுநீர் மஞ்சளாக, வயிறு கனத்து, மலம் காய்ந்து இருந்தால் அது 'சூடு' வகை. நம் பாட்டி "உடம்புச் சூடு" என்று சொன்னதற்கு ரொம்பப் பக்கம். வயிறு உப்பி, ஏப்பம் விட்டு, வருகிற மாதிரி இருந்தும் வராமல், மனக்கவலை வந்தால் இன்னும் இறுகிக்கொண்டால் அது 'சீ' என்கிற உயிர்க்காற்று ஓடாமல் நின்ற வகை. மலம் அப்படியொன்றும் கெட்டியாக இல்லை, ஆனால் தள்ளத் தெம்பில்லை, போய் வந்தால் வியர்த்துக் கொட்டி மூச்சு வாங்குகிறது என்றால் பலவீன வகை. பிரசவம் ஆனவர்கள், ரத்தம் குறைந்தவர்கள், நாக்கு சிவந்து ஈரமே இல்லாமல் இருப்பவர்கள் வறட்சி வகை. கை கால் சில்லிட்டு, இடுப்பு வலித்து, வெந்நீர் குடித்தால்தான் சுகம் என்கிற வயதானவர்கள் குளிர் வகை.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது வறட்சி வகைக்கு அவர்கள் சொல்லும் விளக்கம். ஆற்றில் தண்ணீர் வற்றிப் படகு தரைதட்டி நிற்கிறது. பின்னாலிருந்து எத்தனை பேர் தள்ளினாலும் படகு உடையுமே தவிர நகராது. தண்ணீரைக் கூட்டு, படகு தானாகப் போகும். 1798-இல் வூ ஜூத்தோங் என்ற மருத்துவர் எழுதிய நூலில் இதற்கென்றே ஒரு கஷாயம் இருக்கிறது. மூன்றே மூன்று சரக்கு. மூன்றும் ஈரம் கூட்டும் வேர்கள். பேதியாக்கும் பொருள் ஒன்றுகூடக் கிடையாது. 'நீர் கூட்டும் கஷாயம்' என்றுதான் பெயரே.

நவீன மருத்துவம் இந்தச் சூடு, குளிர் கணக்கை ஏற்பதில்லை. ஆனால் 'தள்ளுவதா, நனைப்பதா' என்ற கேள்வி எங்கள் பக்கமும் உண்டு. குடலைத் தூண்டும் மாத்திரை ஒரு ரகம், நீரை இழுத்து மலத்தை இளக்கும் மருந்து இன்னொரு ரகம். ஆளைப் பார்த்துத்தான் கொடுக்கிறோம்.

எல்லோரும் சொல்லும் 'மா ட்ஸி ரென் வான்' என்ன மருந்து?

மலச்சிக்கலுக்கான சீன மருந்துகளில் மூத்தவர்களில் ஒருவர் இவர். கிழக்கு ஹான் காலத்தில், சுமார் 1,800 ஆண்டுகளுக்கு முன், ஜாங் ஜோங்ஜிங் என்ற மருத்துவர் எழுதி வைத்தது. ஆறு சரக்கு: ஹெம்ப் விதை, தா ஹுவாங் என்கிற ருபார்ப் வேர், ஆப்ரிகாட் பருப்பு, வெள்ளைப் பியோனி வேர், கசப்பு ஆரஞ்சின் பிஞ்சு, மக்னோலியா மரப்பட்டை. எல்லாவற்றையும் பொடித்துத் தேனில் பிசைந்து உருட்டுவார்கள்.

சேர்மானத்தைப் பாருங்கள். விதையும் பருப்பும் எண்ணெய்ப் பசை உள்ளவை, வழுக்க வைக்கும். தேனும் அதே வேலை. ருபார்ப் தள்ளும். பிஞ்சும் பட்டையும் வயிற்று உப்புசத்தை இறக்கும். பியோனி வேர் முறுக்கி வலிக்காமல் பார்த்துக்கொள்ளும். தள்ளுவதற்கு ஓர் ஆள்தான், மற்றவர்களெல்லாம் வழி சரிபண்ண வந்தவர்கள். பழைய நூலில் அளவு சொன்ன விதமும் அழகு: பத்து உருண்டை, நாளுக்கு மூன்று வேளை, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்று, பலன் தெரிந்தால் அதுதான் அளவு. எல்லோருக்கும் ஒரே டோஸ் என்று அந்தக் காலத்திலேயே சொல்லவில்லை.

இப்போது கடையில் கிடைப்பது கறுப்பான சின்ன உருண்டைகளாகவோ, நீரில் கரைக்கும் பொடியாகவோ இருக்கும். உருண்டைப் புட்டியைத் திறந்தால் நம் லேகிய வாசனைக்குத் தூரத்துச் சொந்தம் மாதிரி ஒரு மணம் வரும்.

நிஜமாகவே வேலை செய்கிறதா, இல்லை நம்பிக்கைதானா?

இந்த ஒரு மருந்துக்கு நல்ல சோதனைகளே நடந்திருக்கின்றன. ஹாங்காங் பாப்டிஸ்ட் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் 2011-இல் வெளியிட்டது ஒன்று. 120 பேரை இரண்டாகப் பிரித்து, பாதிப் பேருக்கு இந்த மருந்து, மீதிப் பேருக்கு அதே மாதிரி தோற்றமுள்ள வெற்று மருந்து, எட்டு வாரம். வாரத்தில் குறைந்தது ஒரு தடவையாவது கூடுதலாக, மருந்துத் துணையின்றி, வயிறு முழுக்கக் காலியான நிறைவோடு போனவர்களைத்தான் 'பலன் கண்டவர்கள்' என்று எண்ணினார்கள். மருந்து எடுத்தவர்களில் 43.3 சதவீதம், வெற்று மருந்தில் 8.3 சதவீதம். நிறுத்திய பிறகு பார்த்தபோது மருந்துக்கு 30, வெற்று மருந்துக்கு 15 சதவீதம்.

2019-இல் இன்னும் பெரிதாக 291 பேரிடம் செய்தார்கள். இந்த முறை சென்னா என்ற இலையில் செய்யும் பேதி மாத்திரையையும் போட்டியில் சேர்த்தார்கள். எட்டு வார முடிவில் சீன மருந்துக்கு 68, சென்னாவுக்கு 57.7, வெற்று மருந்துக்கு 33 சதவீதம். அதாவது, சாப்பிடும்போது இரண்டு மருந்துக்கும் பெரிய வித்தியாசமில்லை. நிறுத்திய பிறகுதான் கதை மாறுகிறது: சீன மருந்து 47.4, சென்னா 20.6, வெற்று மருந்து 17.5. சென்னா நிறுத்தியதும் கிட்டத்தட்ட வெற்று மருந்தின் அளவுக்கே வந்துவிட்டது.

ஒன்றைக் கவனியுங்கள். 2011 சோதனையில் சேர்த்துக்கொண்டது 'மிகை' வகை ஆட்களை மட்டும், அதாவது தெம்பு உள்ள, சூடும் அடைப்பும் உள்ளவர்களை. எண்பது வயது ஒல்லிப் பாட்டிக்கு இந்த எண்ணைத் தூக்கிக்கொண்டு போகக்கூடாது. சீன மருந்துக்கடையில் இருக்கும் மற்ற நூறு சரக்குக்கும் இதே ஆதாரம் என்று நினைக்கவும் கூடாது. பலவற்றுக்கு அனுபவம்தான் சாட்சி.

ஹெம்ப் விதை என்றால் கஞ்சா இல்லையா?

செடி அதே இனம்தான். சிலர் இதைச் 'சணல் விதை' என்று சொல்லிச் சமாளிக்கிறார்கள், நம் சணல் வேறு செடி. விதையில் போதைப்பொருள் இருப்பது அற்ப அளவே; போதை வராது. ஹாங்காங்கில் மூலிகைப் பானக் கடைகளில் இதை அரைத்துப் பால் போன்ற இனிப்புப் பானமாகவே விற்கிறார்கள். ஆனாலும் விமானத்தில் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு எடுத்துப் போகும் முன் அங்கத்திய சட்டத்தைப் பாருங்கள். சுங்க அதிகாரியிடம் நின்று ஜாங் ஜோங்ஜிங் வரலாறு சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

தா ஹுவாங் என்ற பெயர் எல்லா மருந்திலும் இருக்கிறதே?

இருக்கும். சீன மருத்துவத்தில் இதன் பட்டப்பெயர் 'தளபதி'. கான்சு, சிங்ஹாய், சிச்சுவான் மலைப்பகுதிகளில் விளையும் செடியின் மஞ்சள் வேர். மேலைநாட்டில் தண்டை இனிப்புப் பண்டத்தில் போடும் ருபார்புக்கு உறவு, ஆனால் மருந்து வேரில்தான்.

ஒரு காலத்தில் இந்த வேருக்காக ரஷ்யாவும் ஐரோப்பாவும் சீனாவிடம் வரிசையில் நின்றன. 1839-இல் அபினி வியாபாரத்தை நிறுத்தச் சொல்லி விக்டோரியா மகாராணிக்குக் கடிதம் எழுதிய லின் ட்ஸஷூ என்ற அதிகாரி, தேயிலையும் ருபார்பும் இல்லாமல் வெளிநாட்டார் ஒரு நாள்கூட இருக்க முடியாது என்று அதில் எழுதினார். இவை கிடைக்காவிட்டால் அவர்களுக்கு வயிறு அடைத்துக்கொள்ளும் என்று அந்தக் காலச் சீனாவில் பலர் நம்பினார்கள். மலச்சிக்கலை வைத்து ஒரு பேரரசை மிரட்டப் பார்த்தது உலக வரலாற்றில் இது ஒன்றாகத்தான் இருக்கும்.

அப்புறம் வேலைக்கு வருவோம். இந்த வேரின் குணம் கொதிக்கும் நேரத்தைப் பொறுத்தது. மற்ற சரக்குகளை அரை மணி நேரம் கொதிக்க விட்டு, கடைசி ஐந்து பத்து நிமிஷத்தில்தான் இதைப் போடுவார்கள். நீண்ட நேரம் கொதித்தால் தள்ளும் சக்தி போய்விடும். துவர்ப்பு மட்டும் மிஞ்சும், அது கட்டவும் கட்டும். எங்கள் வாடிக்கையாளர் ஒருவருக்குச் சீன மருத்துவர் இந்த வேரைத் தனிச் சின்னப் பொட்டலமாகக் கட்டிக் கொடுத்திருக்கிறார். அவர் வீட்டம்மா 'இது மட்டும் ஏன் தனியா' என்று எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி ஒரு மணி நேரம் சுண்ட வைத்துவிட்டார். "மருந்து போலி" என்று சண்டைக்குப் போகவிருந்தவரை நான்தான் உட்கார வைத்துக் கேட்டேன். தனிப் பொட்டலம் இருந்தால் காரணம் இருக்கும், கேட்டுக்கொள்ளுங்கள்.

சீனத் தேநீர் என்று ஒன்று விற்கிறார்களே, 'ஸ்லிம்மிங் டீ', அது?

பெட்டியைத் திருப்பிச் சின்ன எழுத்தைப் படியுங்கள். 'ஃபான் ஷியே யே' என்றோ சென்னா என்றோ போட்டிருக்கும். 'ஃபான்' என்றால் அயல்நாட்டு, 'ஷியே' என்றால் பேதி, 'யே' என்றால் இலை. அயல்நாட்டுப் பேதி இலை. எந்த அயல்நாடு என்கிறீர்களா? உலகச் சந்தையில் இதற்குத் 'திருநெல்வேலி சென்னா' என்று ஒரு பெயர் உண்டு. திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்து மானாவாரி நிலத்தில் விளையும் நிலாவாரை இலைதான் அது.

இதைச் சொன்னதும் பாளையங்கோட்டைக்காரர் ஒருவர் கடையிலேயே சிரித்துவிட்டார். ஊரில் அப்பா நிலாவாரைச் சூரணம் கொடுத்தபோது "கசக்குது" என்று ஓடியவர், இங்கே தங்க எழுத்துப் பெட்டிக்குக் காசு கொடுத்து அதையே ரெண்டு வருஷமாகக் குடித்திருக்கிறார்.

இளைப்பதற்கென்று இதைக் குடிப்பது வீண். குறைவது நீர்தான், கொழுப்பு இல்லை. இணையத்தில் விற்கும் பெயர் தெரியாத இளைப்புத் தேநீர்களில் சிபுட்ராமின் போன்ற தடை செய்யப்பட்ட மருந்துகளைக் கலந்து பல நாடுகளில் மாட்டியிருக்கிறார்கள். அது இதயத்தைப் பதம் பார்க்கும். ஒரு கோப்பையிலேயே படபடப்பு வந்தால் 'மூலிகை வேலை செய்கிறது' என்று சந்தோஷப்படாதீர்கள்.

தினமும் குடித்தால் பழகிவிடுமா?

ருபார்ப், சென்னா, கற்றாழைப் பால் மூன்றிலும் குடலைத் தூண்டும் பொருள் ஒரே குடும்பம், ஆந்த்ரகுவினோன்கள். இவற்றை மாதக்கணக்கில் எடுத்தால் பெருங்குடலின் உட்சுவர் பழுப்பாக, புலித்தோல் மாதிரிக் கறுத்துப்போகலாம். கொலோனோஸ்கோப்பி, அதாவது குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் சோதனை, செய்த டாக்டர் திரையைக் காட்டி "என்ன மூலிகை சாப்பிடுறீங்க?" என்று கேட்பார். பயமுறுத்தும் காட்சிதான், ஆனால் நிறுத்தினால் பெரும்பாலும் சில மாதங்களில் பழைய நிறம் திரும்பிவிடும். குடல் நிரந்தரமாகச் செத்துப்போகும் என்ற பழைய பயத்துக்கு உறுதியான ஆதாரம் இல்லை.

உண்மையான கவலை பொட்டாசியம். அடிக்கடி தண்ணியாகப் போனால் ரத்தத்தில் பொட்டாசியம் இறங்கும், கால் தசை பிடிக்கும், இதயத் துடிப்பு தாறுமாறாகும். சீன மருத்துவர்களும் தளபதியை நீண்ட நாள் பணியில் வைப்பதில்லை. வழி திறந்ததும் நிறுத்தி, உடம்பைத் தேற்றும் மருந்துக்கு மாற்றுவார்கள். மாற்றாமல் ஒரே உருண்டையை வருஷக்கணக்கில் விழுங்குவது நாமாகச் செய்துகொள்வதுதான்.

அம்மாவுக்கு 78 வயது. அவருக்கு எது?

முதலில் அவருடைய மாத்திரைப் பையை எடுத்து வாருங்கள். வயதானவர்களின் மலச்சிக்கலில் பாதிக் கதை அந்தப் பைக்குள் இருக்கும்: இரும்புச்சத்து மாத்திரை, கால்சியம், சில ரத்த அழுத்த மாத்திரைகள், டிரமடால், கோடீன் மாதிரி வலி மாத்திரைகள். அதை மாற்றினாலே சிலருக்குச் சரியாகிவிடும். தைராய்டும் சர்க்கரையும் பார்த்திருக்கிறார்களா என்று கேளுங்கள்.

சீன மருத்துவம் இந்த வயதில் 'தள்ளாதே' என்கிறது. 1624-இல் ஜாங் ஜிங்யுவே எழுதிய ஒரு கஷாயம் இதற்கென்றே உண்டு. அதில் தலைமைச் சரக்கு ரோ சுங் ரோங். இலையே இல்லாத ஒட்டுண்ணி. உள் மங்கோலியாவின் அலாஷான் பாலைவனத்தில் மணலுக்கடியில் இன்னொரு புதரின் வேரை உறிஞ்சி வளரும். தோண்டி எடுத்தால் செதில் செதிலாகத் தடித்த முளை மாதிரி இருக்கும். உடம்பைச் சூடேற்றி, கூடவே மலத்தை வழுக்க வைக்கும் என்பது அவர்கள் கணக்கு. காட்டில் அளவுக்கு மீறித் தோண்டியதால் இதன் சர்வதேச வியாபாரத்துக்கு இப்போது கட்டுப்பாடு இருக்கிறது. ரொம்ப மலிவாகக் கொடுத்தால் சந்தேகப்படலாம்.

கர்ப்பமாக இருக்கிறேன், எடுக்கலாமா? குழந்தைக்குக் கொடுக்கலாமா?

ருபார்ப், கற்றாழைப் பால், 'மாங் ஷியாவ்' என்ற பேதி உப்பு எதுவும் கர்ப்பத்தில் கூடாது. சீன நூல்களே தடை போட்டிருக்கின்றன. பால் கொடுக்கும்போது ருபார்ப் எடுத்தால் குழந்தைக்கு வயிற்றால் போகலாம். சின்னக் குழந்தைக்கு நீங்களாக எதுவும் கொடுக்காதீர்கள். ஒரு வயதுக்குள் தேன்கூடக் கூடாது.

பிரஷர், சர்க்கரை, ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை எல்லாம் எடுக்கிறேன். சேர்ந்து போகுமா?

எனக்குத் தூக்கம் கெடுக்கும் கேள்வி இதுதான். சீனக் கஷாயங்கள் பலவற்றில் அதிமதுரம் ஒரு சிட்டிகையாவது இருக்கும், மற்ற சரக்குகளைச் சமாதானப்படுத்த. அதிமதுரம் அதிகமானால் பிரஷர் ஏறும், பொட்டாசியம் இறங்கும். நீர் மாத்திரையும் பொட்டாசியத்தை இறக்கும். பேதி மருந்தும் இறக்கும். மூன்றும் சேர்ந்தால்? அதோடு டிகாக்சின் என்ற இதய மாத்திரை எடுப்பவராக இருந்தால் நிஜமாகவே ஆபத்து. 'தாங் குய்' என்ற வேர், ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் வார்ஃபரினின் வேகத்தைக் கூட்டும், ரத்தம் கசியும்.

இரண்டு பக்கமும் சொல்லுங்கள். சீன மருத்துவரிடம் மாத்திரைப் பட்டியலைக் காட்டுங்கள், டாக்டரிடம் கஷாயத்தைச் சொல்லுங்கள். "திட்டுவார்" என்று மறைப்பவர்கள்தான் அதிகம். திட்டட்டும்.

ஊரிலிருந்து வந்த சூரணத்தோடு சேர்த்து எடுக்கலாமா?

நிலாவாரைச் சூரணமும் சீன உருண்டையும் சேர்ந்தால் ஒரே மருந்தை இரட்டிப்பாக எடுக்கிறீர்கள். கடுக்காய் சேர்ந்த திரிபலாவும் இளக்கும் ரகம்தான். ஏதாவது ஒன்று. இன்னொரு சின்ன விஷயம்: சீனர்கள் வறுத்துத் தேநீராகக் குடிக்கும் 'ஜுவே மிங் ட்ஸி', நம் வயல் வரப்பில் முளைக்கும் தகரை விதைதான். காபி மாதிரி மணக்கும், லேசாக இளக்கும். அங்கே அது கண்ணுக்கும் நல்லது என்பார்கள்.

ஊசி குத்துவதால் பலன் உண்டா?

சீனாவில் 15 மருத்துவமனைகளில் 1,075 பேரிடம் மின்-அக்குபங்சர், அதாவது குத்திய ஊசியில் லேசான மின்சாரம் விடுவது, செய்து பார்த்து 2016-இல் வெளியிட்டார்கள். எட்டு வாரத்தில் 28 தடவை. வாரத்துக்கு மூன்று முறையாவது நிறைவாகப் போனவர்கள் 31.3 சதவீதம், ஒப்புக்குக் குத்தப்பட்டவர்களில் 12.1. பலன் இருக்கிறது. ஆனால் எட்டு வாரத்தில் 28 தடவை போய் வர உங்களால் முடியுமா என்று முதலில் யோசியுங்கள்.

நல்ல மருத்துவர், நல்ல சரக்கு என்று எப்படித் தெரிந்துகொள்வது?

சிங்கப்பூரில் சீன மருத்துவர்கள் 2000-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு செய்தவர்களாக இருக்க வேண்டும். பெயரை இணையப் பதிவேட்டில் தேடினால் வரும். மலேசியாவில் புட்டியில் MAL என்று தொடங்கி 'T' என்ற ஆங்கில எழுத்தில் முடியும் எண்ணைப் பாருங்கள்.

பழமை மட்டும் சான்றிதழ் ஆகாது. 'கெங் யி வான்' என்று ஒரு பழைய மலச்சிக்கல் உருண்டை உண்டு. 'உடை மாற்றும் உருண்டை' என்று பொருள். கழிப்பறைக்குப் போவதை 'உடை மாற்றப் போகிறேன்' என்று நாசூக்காகச் சொன்ன காலத்துப் பெயர். கேட்கவே நயமாக இருக்கிறது. சேர்மானம் என்ன தெரியுமா? கற்றாழைப் பாலும் லிங்கமும். லிங்கம் என்றால் பாதரசச் சேர்மம். நயமான பெயருக்காக அதை விழுங்க முடியாது. 'ஹே ஷோ வூ' என்ற வேரையும் முடி கறுக்கும், வயிறு இளகும் என்று பலர் வாங்குகிறார்கள். அதனால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்கள் உண்டு. மருத்துவர் மேற்பார்வையின்றி வேண்டாம்.

மருந்துக்கு முன் வீட்டில் என்ன செய்து பார்க்கலாம்?

சீன வீட்டு வைத்தியத்தில் எனக்குப் பிடித்தது கறுப்பு எள். வறுத்துப் பொடித்து, கஞ்சியில் ஒரு கரண்டி. நமக்கு எள்ளுருண்டை புதிதா என்ன. காலையில் வெந்நீரில் தேன் கலந்தும் குடிப்பார்கள். காலை ஐந்திலிருந்து ஏழு வரை பெருங்குடலின் நேரம் என்பது அவர்கள் கடிகாரம். எழுந்து எதையாவது குடித்ததும் குடல் அசைவது எங்கள் பாடத்திலும் உண்டு. அந்த நேரத்தில் போனைக் கையில் எடுக்காமல் பத்து நிமிஷம் உட்காருங்கள், காலுக்கடியில் ஒரு சின்ன முக்காலி போட்டு முழங்கால் உயர்ந்து இருக்கும்படி. நம் பழைய இந்தியன் கழிப்பறை செய்த வேலையை அந்த முக்காலி செய்யும்.

பச்சைக் கிவிப் பழத்தையும் சொல்லியாக வேண்டும். அது நியூசிலாந்துப் பழம் இல்லை, சீனப் பழம். 1904-இல் ஹூபெய் மாநில யிச்சாங்கிலிருந்து ஓர் ஆசிரியை விதையை நியூசிலாந்துக்கு எடுத்துப் போனார். நாளுக்கு இரண்டு பழம் என்று மூன்று நாடுகளில் நடந்த சோதனையின் முடிவு 2023-இல் வந்தது. மலச்சிக்கல்காரர்கள் சராசரியாக வாரத்துக்கு ஒன்றரைத் தடவையாவது கூடுதலாகப் போனார்கள். இசப்கோலுக்குச் சளைக்கவில்லை. கஷாயம் கேட்டு வருபவர்களில் பலரை நான் முதலில் பழக்கடைக்கு அனுப்புகிறேன். கடை முதலாளிக்கு இதில் வருத்தம்தான்.

எப்போது இதையெல்லாம் விட்டுவிட்டு டாக்டரிடம் ஓட வேண்டும்?

மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, ரத்தசோகை, 45 - 50 வயதுக்கு மேல் திடீரென்று பழக்கம் மாறுவது, குடும்பத்தில் யாருக்காவது பெருங்குடல் புற்று இருந்தது, இவற்றில் எது இருந்தாலும் முதலில் பரிசோதனை. வயிறு உப்பி, வாந்தி வந்து, காற்றுகூடப் பிரியவில்லை என்றால் அன்றைக்கே அவசரப் பிரிவு. அந்த நிலையில் பேதி மருந்து கொடுப்பது, அடைத்த குழாயில் தண்ணீரைப் பீய்ச்சி அடிக்கிற மாதிரி.

பத்து நாளாகக் கஷாயம் குடிக்கிறேன், ஒன்றும் நகரவில்லை. டோஸை ஏற்றலாமா?

வேண்டாம். மலம் இளகித்தான் இருக்கிறது, வாசல் வரை வருகிறது, ஆனால் வெளியே வரமாட்டேன் என்கிறது, சில சமயம் விரலால் உதவ வேண்டியிருக்கிறது என்றால் சிக்கல் குடலிலேயே இல்லை. முக்கும்போது தளர வேண்டிய ஆசனவாய்த் தசை தளராமல் இறுகிக்கொள்கிறது. இதற்குச் சீன மருந்தும் சென்னாவும் ஒன்றும் செய்யாது. எந்தத் தசையை எப்போது விட வேண்டும் என்று திரையில் பார்த்துப் பழகும் பயோஃபீட்பேக் பயிற்சி பெரிய மருத்துவமனைகளில் இருக்கிறது. வெட்கப்பட்டு இதைச் சொல்லாமலே ஏழெட்டு வருஷம் பேதி மருந்து மாற்றி மாற்றிக் குடித்த ஓர் அம்மா, "இத முதல்லயே யாரும் கேக்கலியே தம்பி" என்றார். சீன மருத்துவரோ டாக்டரோ, யாரிடம் போனாலும், 'விரல்' என்ற வார்த்தையை நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள்.